கர்ப்பகாலத் தலைவலியும் கணினியும்

நமது சங்கங்களில் பேரேடும் நாட்குறிப்பும் வீற்றிருந்த மேஜையில் இன்று கணினி வந்து அமர்ந்துவிட்டதை அங்கத்தினர் யாவரும் அறிவர். 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்ச் செலவில், நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, சேலை வரவு ஆகிய கணக்குகள் கணினியில் ஏறி வருகின்றன. இக்கணினிகளின் முன் அமர்ந்து வேலை பார்ப்போரில் பலர் நம் அங்கத்தினர் வீட்டுப் பெண்களே. தாய் தார் சுற்றினாள். மகள் கணக்கு ஏற்றுகிறாள்.

அப்பெண் கருவுற்றிருக்கும் காலத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் உலவுகின்றன. கணினியின் ஒளி வயிற்றிலுள்ள குழந்தையைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று. அவளுக்கு வரும் தலைவலி, கண் மங்கல், கை வீக்கம் ஆகியவை கணினியைப் பார்த்துப் பார்த்து வந்தவை, ஒரு நாள் ஓய்வெடுத்தால் தானே போய்விடும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் வீண் பயம். இரண்டாவது எண்ணம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. விந்தை என்னவெனில், முதலாவதை நம்பிக் கவலைப்படும் அதே குடும்பம் இரண்டாவதையும் நம்பி அசட்டையாக இருந்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திரையைப் பற்றிய பழைய பயம்

இந்தப் பயம் நம் ஊரில் பிறந்ததன்று. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வெளியாகும் ‘டொராண்டோ ஸ்டார்’ என்னும் நாளிதழின் விளம்பரப் பகுதியில் கணினித் திரைகளின் முன் வேலை செய்த கர்ப்பிணிகள் எழுவரில் நால்வருக்குக் குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்தன. செய்தி வட அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்நாளில் கணினித் திரை என்பது பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்ற கனத்த கண்ணாடிக் குழல். அதிலிருந்து ஏதோ கதிர் வெளிப்பட்டுக் கருவைத் தாக்குகிறது என்று பலரும் ஐயுற்றனர். 1988-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு இந்த ஐயத்துக்கு மேலும் இடமளித்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் திரையின் முன் இருந்த பெண்களிடம் கருச்சிதைவு மிகுதியாகக் காணப்பட்டது என்று அது கூறிற்று. ஆனால் அதற்குக் காரணம் திரைதானா, அல்லது வேலைச் சுமையும் வேறு காரணங்களுமா என்பதை அந்த ஆய்வினால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

இக்கேள்விக்கு நேரான விடை 1991-ம் ஆண்டில் கிடைத்தது. அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் தொலைபேசி நிலையங்களில் பணிபுரிந்த பெண்களை ஆராய்ந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் நாள் முழுவதும் கண்ணாடிக் குழல் திரையைப் பார்த்து வேலை செய்பவர்கள். மற்றொரு பகுதியினர் ஏறக்குறைய அதே வேலையை, அத்தகைய திரையில்லாத கருவியைக் கொண்டு செய்பவர்கள். இருசாராரின் 882 கர்ப்பங்களைக் கணக்கெடுத்ததில், திரையின் முன் இருந்தோரிடம் கருச்சிதைவு நூற்றுக்கு 14.8, திரையில்லாதோரிடம் 15.9. திரையினால் கருச்சிதைவு கூடவில்லை என்பது இதனால் விளங்கிற்று. இன்று நம் மேஜைகளில் இருக்கும் தட்டையான திரைகளிலோ அந்தக் கண்ணாடிக் குழலே கிடையாது. ஆகையால் ஒளிக்கு அஞ்சி ஒரு பெண் வேலையை விடவேண்டியதில்லை. மாமியார் அஞ்சவேண்டியதும் இல்லை.

கணினி வேலையில் உடலுக்குச் சங்கடமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால்களில் இரத்த ஓட்டம் மந்தமாகும். கர்ப்பிணிக்குக் காலின் உட்குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் பிறரைக் காட்டிலும் கூடுதல். மணிக்கு ஒரு முறை எழுந்து நான்கு எட்டு நடப்பதும், தண்ணீர் குடிப்பதும் போதுமான பரிகாரம். முதுகுக்கு ஆதாரமுள்ள நாற்காலி ஒன்றைச் சங்கம் வாங்கித் தந்தால், அச்செலவைத் தணிக்கையாளர் எவரும் குறை கூறார் என்றே நம்புகிறோம். திரையை வெகுநேரம் பார்த்தால் கண் வறண்டு எரியும்; இடையிடையே சாளரத்துக்கு வெளியே தொலைவில் பார்த்தால் தணியும். இவை சில்லறைச் சங்கடங்கள்.

உண்மையான அபாயம்

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும், அதனுடன் சிறுநீரில் புரதம் கழிவதும் உண்டு. டாக்டர்கள் இதனைப் ‘பிரி-எக்லாம்ப்சியா’ என்பர். இது முற்றி வலிப்புக் காணும்போது ‘எக்லாம்ப்சியா’ எனப்படும். நம் முன்னோர் பிரசவ ஜன்னி என்று அஞ்சியவற்றுள் இவ்வலிப்பும் சேரும்.

இந்நோய் தோன்றும் விதத்தை உழவருக்கு விளக்குவது எளிது. தாயிடமிருந்து குழந்தைக்கு உணவும் உயிர்க்காற்றும் செல்வது நஞ்சுக்கொடியின் வழியாக. கர்ப்பத்தின் முற்பாதியில் கருப்பைச் சுவரிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் நன்கு அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் பாய வழிவிட வேண்டும். வாய்க்காலை அகலப்படுத்தாமல் கடைமடைக்கு நீர் எட்டாதல்லவா? சிலரிடம் இக்குழாய்கள் போதிய அளவு அகல்வதில்லை. இரத்தம் போதாமல் வாடும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அவை உடலெங்குமுள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அதனால் அழுத்தம் ஏறுகிறது; சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது; கல்லீரலும் மூளையும் தாக்குண்கின்றன. அதாவது நோயின் வேர் நஞ்சுக்கொடியில். தொல்லை தலை முதல் கால் வரை.

தொடக்கத்தில் இதற்கு அறிகுறியே இராது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று பெண் சொல்வாள். மெய்யாகவே அவளுக்கு ஒரு நோவும் இராது. அதனால்தான் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீர் எடுத்துப் பார்ப்பதும். மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பிணிக்கு உயர்ந்த அழுத்தம். மேல் எண் 160-ஐயோ கீழ் எண் 110-ஐயோ எட்டினால் அது அந்தக் கணமே சிகிச்சை தேவைப்படும் நிலை.

சிறுநீரில் புரதம் இருப்பதை நம் பக்கத்தில் ‘உப்பு இறங்குகிறது’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. இச்சொல் ஒரு தவறான வைத்தியத்துக்கு வழி வகுத்துவிட்டது. உப்பு இறங்குகிறது என்று கேட்டவுடன் வீட்டில் கர்ப்பிணிக்கு உப்பில்லாச் சோறு போடத் தொடங்குகிறார்கள். வெளியேறுவது உப்பன்று, புரதம். சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதால் இந்நோயைத் தடுக்க முடியாது. அந்த நோக்கத்தோடு உப்பைக் குறைக்க வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் கூறியுள்ளது. சப்பென்ற சோற்றை வெறுத்து அவள் பாதி வயிற்றோடு எழுந்திருப்பதுதான் கண்ட பலன்.

நோய் சற்று முற்றியபின் தோன்றும் அறிகுறிகளை இனிக் கவனியுங்கள். விட்டு நீங்காத கடுமையான தலைவலி. பார்வை மங்குதல், கண்ணில் பூச்சி பறப்பது போலத் தோன்றுதல், ஒளி கண்டால் கூசுதல். முகமும் கைகளும் திடீரென வீங்குதல். மேல்வயிற்றில், சிறப்பாக வலப்புற விலாவுக்குக் கீழே வலித்தல். கர்ப்பத்தின் பிற்பகுதியில் புதிதாகக் குமட்டலும் வாந்தியும் காணுதல்.

இப்பொழுது கணினியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். தலைவலியா? திரையைப் பார்த்ததால். கண் மங்கலா? எழுத்து பொடியாக இருப்பதால். கை வீக்கமா? விசைகளைத் தட்டித் தட்டி வந்தது. விலாவுக்குக் கீழே வலியா? மதியம் நேரந்தவறிச் சாப்பிட்ட வாயு. ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. வயலில் களை பறிக்கும் பெண்ணுக்குத் தலைவலி வந்தால் வெயில் என்போம். தறியில் இருப்பவளுக்கு வந்தால் நூலைக் குனிந்து பார்த்த களைப்பு என்போம். கணினி நம்மிடையே புதிதாக வந்தது. ஆகையால் பழி அதன் தலையில் இன்னும் எளிதாக விழுகிறது.

பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. திரையினால் வரும் தலைவலி மாலையில் மெல்ல ஏறி, கண்ணை மூடிப் படுத்தால் இறங்கும். விடுமுறை நாளில் வராது. இரத்த அழுத்தத் தலைவலி ஓய்வுக்கு அடங்காது. பாராசிட்டமால் மாத்திரைக்கும் பெரும்பாலும் அடங்காது. கால் வீக்கம் கர்ப்பிணிகளிடம் மிகச் சாதாரணம். மாலையில் மெட்டி இறுகுவதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். ஆனால் காலையில் எழுந்தவுடன் மோதிரம் கழலாமல் இருப்பதும், வளையல் பதிந்திருப்பதும், முகம் உப்பியிருப்பதும் வேறு. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போதல் கர்ப்பத்தில் மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் வருவது, தொந்தரவுதான், ஆபத்தன்று. இவ்வளவு சொல்லியும், வீட்டில் உட்கார்ந்து இந்த வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருக்குமாறு நாம் எவரையும் தூண்ட மாட்டோம். இரண்டு நிமிடத்தில் அழுத்தம் பார்த்துவிட்டால் ஐயம் தீர்கிறது. துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதற்குக் கட்டணம் கிடையாது.

அழுத்தம் பார்ப்பதிலும் முறை உண்டு. ஐந்து நிமிடமேனும் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே பார்த்தால் எண் ஏறும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் ஏறும். கடையில் வாங்கும் மின்கருவிகள் பல, இந்நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டுவதுண்டு. ஆகையால் வீட்டுக் கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும், உடம்பு கெட்ட அறிகுறியைக் காட்டினால் உடம்பையே நம்புக.

சிகிச்சையைப் பற்றிச் சில சொற்கள். நஞ்சுக்கொடி வெளியேறினாலன்றி இந்நோய் வேரோடு நீங்குவதில்லை. ஆதலால் பிரசவமே முடிவான மருந்து. எப்பொழுது பிரசவிக்கச் செய்வது என்பதைத் தாயின் நிலையையும் குழந்தையின் வளர்ச்சியையும் சீர்தூக்கி டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அழுத்தத்தை இறக்க மாத்திரைகள் உண்டு. வலிப்பைத் தடுக்கும் மருந்தாகிய மெக்னீசியம் சல்பேட் விலை மிகக் குறைந்தது. அதன் பலனோ பெரிது. 33 நாடுகளில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002-ம் ஆண்டில் வெளியான ஆய்வு, இம்மருந்தினால் வலிப்பு வரும் அபாயம் பாதிக்கு மேல் குறைவதைக் காட்டிற்று. மருந்து இருக்கிறது, போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நோயாளி நேரத்தில் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி.

முதற்பிரசவம், இரட்டைக் கரு, முன்பிருந்தே இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருத்தல், முந்தைய கர்ப்பத்தில் இதே நோய் வந்திருத்தல் ஆகியவை உள்ளவர்களிடம் இது வரும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோரில் தக்கவர்களுக்குக் கர்ப்பத்தின் முற்பகுதியிலேயே சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுப்பது இன்றைய முறை. டாக்டர் சொன்னால் தவறாமல் சாப்பிட வேண்டும். சொல்லாவிட்டால் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடலாகாது. வலிப்பே வந்துவிட்டால் இடப்புறமாகப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதே.

மார்ச் மாதக் கடைசி

இனிச் சங்கத்தின் பக்கம் திரும்புவோம். கற்பனையாக ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் 29-ம் தேதி. ஆண்டுக் கணக்கு முடிக்க இரண்டு நாள். கணக்கு எழுதும் பெண்ணுக்கு எட்டாம் மாதம். காலையிலிருந்து கணினி மக்கர் செய்கிறது. ஏற்றிய கணக்கு பாதியில் நிற்கிறது. அச்சுப்பொறி தாளைக் கடித்து வைத்திருக்கிறது.

“கண் கூசுகிறது ஐயா. இந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துத் தலை வெடிக்கிறது” என்கிறாள் அவள்.

“இன்னும் ஒரு மணி நேரம் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ, அம்மா. உன்னை விட்டால் இதைத் திறக்கத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?” என்கிறார் காரியதரிசி.

அவர் கொடியவர் அல்லர். அவர் சொன்னது உண்மை. கடவுச்சொல் அவள் ஒருத்திக்கே தெரியும். அதனால்தான் அவளும் எழுந்து போகத் தயங்குகிறாள். இந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகும் என்பதைக் கணினியோடு பழகிய எவரும் அறிவர். ஒரு பெண்ணின் உயிருக்கும் ஒரு கணக்குத் தாளுக்கும் இடையே போட்டி வந்தால் எதற்கு முதலிடம் என்று எவரும் தவறாகச் சொல்லப் போவதில்லை. அப்படி ஒரு போட்டி நடப்பதாகவே அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இங்குள்ள ஆபத்து.

கணினித் தொல்லைகளை அவற்றின் அவசரத்தை வைத்துத் தரம் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் ஒரு நாள் பொறுக்காதவை மிகச் சில. திரை உறைந்துவிட்டால் நிறுத்தித் திரும்ப இயக்கலாம். தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்துப் பூட்டிக்கொண்டால், சிறிது நேரம் கழித்துத் தானே திறக்கும். அல்லது மேல் அலுவலகத்தில் சொல்லித் திறக்கலாம். தலைமைக் கணினியோடு இணைப்பு அறுந்தால் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அதன் முன் உட்கார்ந்து முறைப்பதால் இணைப்பு வரப்போவதில்லை. அச்சுப்பொறி நாளைக்கும் அங்கேயே இருக்கும். மின்சாரம் போனால், பதிவு செய்யாத வேலை அழியும். ஆனால் அழிந்ததை மறுபடி ஏற்றலாம். உடனே கவனிக்க வேண்டியது, எவரோ ஏமாற்றிப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரியவரும்போது மட்டுமே. அப்போது 1930 என்னும் எண்ணுக்கு அந்நிமிடமே சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழியுண்டு. அதையும் கர்ப்பிணிதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

ஆகவே நிர்வாகக் குழு செய்யத்தக்கவை சில. கணக்குத் திட்டத்தைத் திறக்க இருவருக்கேனும் அவரவர் பெயரில் தனித்தனி அனுமதி இருத்தல் வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லை மற்றவருக்குச் சொல்வது முறையன்று; பின்னால் ஏதேனும் தவறு நேர்ந்தால் யார் செய்தது என்று காண முடியாது. தலைமைக் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் வைக்கலாம். உறையைப் பிரிக்க நேர்ந்தால் தேதியும் காரணமும் எழுதிக் கையொப்பமிட்டு, பின்னர்ச் சொல்லை மாற்றிவிட வேண்டும். கணக்கின் நகலை நாள்தோறும் வேறொரு கருவியில் எடுத்து, அதைக் கணினி இருக்கும் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். கர்ப்பிணியின் ஏழாம் மாதத்திலேயே மற்றொருவர் அவள் அருகில் அமர்ந்து வேலையைக் கற்றுக்கொள்ளட்டும். ஏழு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வரும் விடுப்பு உலகில் வேறு ஏது? பிரசவ விடுப்பைப் பற்றிய 1961-ம் ஆண்டுச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது விடுப்புக் காலம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அந்த ஆறு மாதமும் சங்கம் நடந்தாக வேண்டுமல்லவா?

எண்ணும் தேதியும்

கணினி நேராகவே கர்ப்பத்தோடு உறவாடும் இடமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும் ‘பிக்மி’ என்னும் அரசுக் கணினிப் பதிவில் ஏற்றப்பட்டு, தாய்க்குப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இவ்வெண்ணைக் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்குக் கிடைக்கும் உதவியும் இதன் வழியாகவே வருகிறது. 2018-ம் ஆண்டில் அவ்வுதவி 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக, ஆக 18,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது.

இவ்விடத்தில் நேரும் தொல்லைகள் பல. பதிவில் கொடுத்த கைப்பேசி எண் கணவனுடையதாக இருக்கும். கணவன் வெளியூரில் இருப்பான். ஒருமுறைக் கடவுஎண் அங்கே போய்ச் சேரும். ஆதாரில் தந்தை பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவன் பெயர். தறியிலும் மண்வெட்டியிலும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும். அப்போது கண்ணின் கருவிழியைக் கொண்டோ முகத்தைக் கொண்டோ சரிபார்க்க வழியுண்டு என்பதைக் கேட்டுப் பெற வேண்டும். பணம் வரவில்லை என்று அலைவோரில் சிலருக்குப் பணம் வந்தே இருக்கும். ஆனால் மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில். ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் பணம், அந்த எண்ணோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்கே செல்லும். எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள் என்று எவரேனும் தொலைபேசியில் கேட்டால் சொல்லலாகாது.

இவை யாவும் பணத்தையும் பொறுமையையும் பற்றியவை. ஆனால் தேதியைத் தவறாக ஏற்றுவது மருத்துவத்தையே பாதிக்கும். நம் நாட்டில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கப்படி அமைந்த கைப்பேசிச் செயலிகளிலும் கணக்குத் தாள்களிலும் மாதம் முதலில் வரும். கடைசி மாதவிலக்கு மாசி 21 என்று பெண் சொல்கிறாள். காலண்டரைப் பார்த்து மார்ச் 5 என்று கண்டு, 05-03 என்று ஏற்றுகிறார்கள். கருவி அதனை மே 3 என்று கொண்டுவிட்டால் 59 நாள் வித்தியாசம். 280 நாள் கணக்கில் டிசம்பர் 10-ல் வரவேண்டிய பிரசவ நாள் பிப்ரவரி 7 என்று காட்டும். எட்டு மாதக் குழந்தை ஆறு மாதத்துக்கு மிகப் பெரிதாகத் தோன்றும். தவறு மறுபுறமாக நேர்ந்தால், குழந்தை வளரவே இல்லை என்று வீடே கலங்கும். பிரி-எக்லாம்ப்சியா கண்ட பெண்ணுக்கு எந்த வாரத்தில் பிரசவம் செய்விப்பது என்ற முடிவே இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. ஆகையால் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கை கர்ப்பத்தின் வயதை மிகச் சரியாகக் காட்டும், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன் படங்கள் சில, சூடுபட்டால் மங்கும் தாளில் அச்சாவதால், அவற்றை அடுப்பங்கரை அலமாரியில் வைக்காமலும், சூடேற்றும் பிளாஸ்டிக் உறை போடாமலும், ஒரு நகல் எடுத்து வைப்பது நலம்.

பதிவெண் கிடைக்கவில்லை, கணினி இயங்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எண் நாளைக்கும் கிடைக்கும். நர்சிடம் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி, அவர் கண்ட எண்ணைத் தாய்சேய் நலப் புத்தகத்தில் பேனாவால் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கென நடைபெறும் சிறப்புப் பரிசோதனை நாளுக்கும் அப்புத்தகத்தையே கொண்டு செல்லலாம். நள்ளிரவில் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கும்போது, கணினி திறக்கும்வரை காத்திராமல், அங்குள்ள டாக்டர் முதலில் புரட்டுவது அதைத்தான்.

பிரசவம் ஆனவுடன் எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிடவும் கூடாது. அழுத்தம் பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்தில் மீண்டும் ஏறுவதுண்டு. கர்ப்பத்தில் சரியாக இருந்தவர்களுக்குக்கூடப் பின்னர் வலிப்பு வந்ததுண்டு. தாய்வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்குத் தலைவலி என்றால் தூக்கமின்மை என்பார்கள். அங்கே பழிக்குக் கணினி இல்லை, குழந்தையின் அழுகை இருக்கிறது. ஆறு வாரம் வரையில் மேற்சொன்ன அறிகுறிகளுக்கு அதே அவசரம் உண்டு. இந்நோய் ஒரு முறை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், குழந்தை பள்ளிக்குப் போகும் வயதிலும் ஆண்டுக்கொரு முறை அழுத்தம் பார்த்துக்கொள்வது அவசியம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் மாமனாருக்கு அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும்போது, மருமகளும் தன் கையை நீட்டலாம்.